களைக்கொல்லிக்கு உப்புப் பார்த்த காலை

என் அண்ணன் களைக்கொல்லியை நாக்கில் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். குடிக்கவில்லை. கை தவறி வாயில் படவும் இல்லை. வாளியில் கரைத்த மருந்தில் உப்பு போதுமா என்று பார்த்தார். அந்த நேரத்தில் நான் அவருக்கு எதிரே நின்று, மருந்தின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருமுறை வரும் வீட்டுத் தோட்டப் பக்கம் என் பொறுப்பு. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களும் கொல்லையில் கீரை போட்டிருப்பவர்களும் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி மாறாமல் வரும்: களைக்கொல்லி அடித்தால் ஆபத்தா? எந்தக் களைக்கொல்லி என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. புல் மருந்து என்பார்கள். பெயர் தெரியாத மருந்தைப் பற்றி ஆபத்து என்றும் சொல்ல முடியாது, ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. இதைப் பலவிதமாக எழுதியிருக்கிறேன். அண்ணன் வீட்டில் அந்தப் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். தோட்டப் பக்கத்தை அண்ணி படிப்பார். அண்ணன் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்.

அண்ணன் வீடு மரக்காணம் உப்பளத்தைப் பார்த்த தெருவில் கடைசி. அந்த உப்பளத்தில்தான் அவருடைய பாத்திகளும் இருக்கின்றன. பின்னால் கொல்லை. அதில் ஒரு பாதியில் அண்ணி கத்திரி, வெண்டை, முளைக்கீரை, ஒரு அவரைப் பந்தல் வைத்திருக்கிறார். மறுபாதியில் கிணறு. அந்தத் தெருவில் வாயில் வைக்க முடிந்த தண்ணீர் உள்ள கிணறு அது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்தபோது கிணற்றைச் சுற்றி அருகம்புல்லும் கோரையும் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. நடுவில் ஒரு கட்டுவிரியனைப் பார்த்ததாக அண்ணி சொன்னார். பொங்கலுக்கு முன் கொல்லையைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆனால் அதே சமயம்தான் உப்பளத்தில் மழைத் தண்ணீரை வெளியேற்றி, சேறு வாரி, பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலையும் தொடங்கும். வேலைக்கு வரும் ஆட்கள் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். கொல்லையில் புல் கொத்த ஆள் கிடையாது. அண்ணன் கடைத்தெருவுக்குப் போய் மருந்து வாங்கிவந்தார்.

பொங்கல் விடுப்பில் வந்திருந்த நான் கொல்லைக்கு வந்தபோது அவர் சட்டை இல்லாமல், வெறுங்கையோடு, வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பச்சை நிறக் குளிர்பான பாட்டில். அதில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னொரு பக்கம் போன பருவத்து உப்பு மூட்டை, வாய் பிரித்து.

"என்ன மருந்துண்ணா இது?"

"புல்லு மருந்து."

"பேரு?"

"புல்லு மருந்துக்கு இன்னா பேரு வைப்பாங்க? புல்லு மருந்துதான்."

"டப்பா எங்க?"

"டப்பா ஏது? கடைக்காரர் பெரிய கேன்லேர்ந்து ஊத்திக் குடுத்தாரு. இந்தக் கொல்லைக்கு எதுக்கு முழு டப்பா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். சிரித்தார். "அக்கா பேப்பர்ல போட்டுடப் போறாங்கண்ணே. போட்டோ புடிக்கறதுக்குள்ள சட்டையாவது மாட்டிக்கோங்க."

"நீ ஏண்டா சிரிக்கிற? உப்பு போடச் சொன்னவன் நீதான? எவ்ளோ போடணும்?"

"எங்க மாமனாரு ரெண்டு கை போடுவாரு. அப்பதான் புல்லுல நல்லா புடிக்கும்."

மருந்தோடு உப்புக் கலக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கடலைவிட்டு உள்ளே தள்ளி, பெருமுக்கல் பக்கத்து விவசாயிகளும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் உப்பைக் கடையில் வாங்க வேண்டும். அதனால் அளவோடு போடுவார்கள். இங்கே மூட்டை வீட்டிலேயே இருக்கிறது. அண்ணன் ஒரு கை அள்ளிப் போட்டார். இன்னொரு கை. ஒரு குச்சியை எடுத்துக் கலக்கினார். நான் மறுபடியும் பெயரைக் கேட்டேன். அவர் ஆள்காட்டி விரலை வாளிக்குள் விட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

"பத்தலை," என்றார். "இன்னும் ஒரு கை போடணும்."

இதைப் புரிந்துகொள்ள உப்பளத்து வேலை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாத்தியில் நிற்கும் தண்ணீரின் உப்பை டிகிரியில் சொல்வார்கள். அளக்கக் கண்ணாடி மீட்டர் உண்டு. அண்ணனிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் மீட்டர் கொட்டகையில் இருக்கும், அவர் பாத்தியில் இருப்பார். விரலை விட்டு நாக்கில் வைத்தால் உப்பு இறங்கும் பதம் வந்துவிட்டதா, கசப்பு ஏறி வெளியே திறந்துவிட வேண்டிய தண்ணீரா என்று தெரிந்துவிடும். இது ஊரில் எல்லோரும் செய்வது. உப்பு வாரும் பெண்கள் செய்வார்கள், குத்தகைக்காரர்கள் செய்வார்கள். பல வருடங்களாக ஒரு நாளைக்கு எத்தனையோ முறை செய்த கை அது. கலக்கிய தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று தெரிந்தவுடன் மூளையைக் கேட்காமலே விரல் போய்விட்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கை கொடியிலேயே நின்றது. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அண்ணனுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"துப்புங்க!" அண்ணி ஓடிவந்தார். "ஐயோ, துப்புங்க!"

"துப்பிட்டேன்டி."

"இன்னும் துப்புங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். "உப்புத் தண்ணி கரைச்சுக் குடுங்கண்ணி. வாந்தி எடுக்கட்டும்."

"அவர் வாயில இப்ப இருக்கறதே அதுதான்," என்றேன். "வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தண்ணி மொண்டு ஊத்துங்க."

வாந்தி எடுக்கவைப்பது உதவி போலத் தோன்றும். மருந்து மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை சுடும்; மூச்சுக்குழாயில் இறங்கினால் அது வேறு தொல்லை. வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், கையைச் சோப்பால் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வீட்டில் செய்ய முடிந்தது. அண்ணன் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருந்தார். அண்ணி மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் அந்தப் பச்சை பாட்டிலைப் பார்த்தேன். கடைகளில் அதிகம் விற்கும் களைக்கொல்லிகளில் இரண்டு எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று கிளைபோசேட். இலையில் பட்டு வேருக்கு இறங்கி, புல்லை மெதுவாகக் காயவைப்பது. நாக்கு நுனியில் பட்டுத் துப்பிவிட்டால் பெரும்பாலும் எரிச்சலோடு முடிந்துவிடும். இன்னொன்று பாராகுவாட். பட்ட இடத்தை உடனே கருக்குவது. உடம்புக்குள் போனால் நுரையீரலைப் பிடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்தப் பெயர் வரும் செய்திகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். கடைசி வரி எப்படி முடியும் என்பது படிக்கத் தொடங்கும்போதே தெரியும். அண்ணன் நாக்கில் பட்டது தண்ணீர் கலந்த ஒரு துளி. ஆனாலும் பாட்டிலில் இருந்தது இதுவா அதுவா என்பதில்தான் எல்லாம் இருந்தது. அது அந்தக் கொல்லையில் நின்ற யாருக்கும் தெரியாது.

"ஆட்டோ எடுங்க," என்றேன் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அண்ணன். "பாத்தி மிதிக்க ஆளு வந்து நிக்கும்."

"நிக்கட்டும். ஏறுங்க," என்றார் அண்ணி.

"சட்டை போட்டுக்கினு..."

"ஏறுங்கன்னா ஏறுங்க!"

அவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பாட்டிலை மூடி இறுக்கி, இரண்டு கவர்களுக்குள் போட்டுக் கட்டி, ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போனேன்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் யார் என்று சொல்லி, நேற்று வாங்கிய மருந்தின் பெயர் வேண்டும் என்றேன்.

"நம்ம கடையில சில்லறையா ஊத்திக் குடுக்கறது கிடையாதுங்களே," என்றார்.

"அதைப் பத்திக் கேக்கலை. மருந்து அவர் வாயில பட்டிருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு."

இட்லியை விட்டு எழுந்தார். "வாயிலயா? எப்படி?"

"உப்பு பார்த்தாரு."

அவரும் இந்த ஊர்க்காரர்தான். மேற்கொண்டு ஒரு விளக்கமும் கேட்கவில்லை. "அடப்பாவமே," என்று கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே, "நீங்க பேப்பர்ல இருக்கறவங்கதான? எழுதுவீங்களா?" என்றார்.

"முதல்ல பேரு."

பின்னறையில் இரண்டு கேன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுமே திறந்தவை. அவர் ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார்.

"இதுலேர்ந்துதான் ஊத்தினேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கறது வேணாங்க. தெரியணும்."

"நேத்து சனிக்கிழமைம்மா. கூட்டம். சத்தியமா ஞாபகம் இல்ல."

பாட்டில் பச்சை. அதற்குள் எது இருந்தாலும் பச்சையாகத்தான் தெரியும். அதில் ஊற்றிக் கொடுத்தவருக்கு இது தோன்றவில்லை, வாங்கி வந்தவருக்கும் தோன்றவில்லை. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. மூன்று தாள்களைக் கிழிக்கச் சொன்னேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டார்; எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். கையுறை விற்கும் கடைதான் அது, வாங்குகிறவர்கள்தான் குறைவு. தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு கேன்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்தோம். மூன்றாவது தாளில் பாட்டிலில் இருந்ததை ஒரு சொட்டு.

முதல் கேனின் சொட்டு நீலம் கலந்த பச்சையாகப் பரவியது. முகத்தைத் தூரத்தில் வைத்திருந்தும் நாற்றம் அடித்தது. அது பாராகுவாட். யாரும் தண்ணீர் என்றோ குளிர்பானம் என்றோ தவறாக எடுத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேர்த்த நிறமும் நாற்றமும் அவை. இரண்டாவது கேனின் சொட்டு வெளிறிய மஞ்சள். மூன்றாவது தாளிலும் வெளிறிய மஞ்சள், நாற்றம் இல்லை. தாள்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் மறுபடியும் பார்த்தேன். கிளைபோசேட். கேனின் லேபிளில் பெயர், அளவு, மருத்துவருக்கான குறிப்பு மூன்றும் தெரியும்படி போட்டோ எடுத்து அண்ணியின் போனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"டாக்டர் நம்ப மாட்டேங்கறாங்க, நீ வா," என்றார் அண்ணி.

அவசர சிகிச்சை அறையில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை அவர் உடம்பில் இருந்தது, பித்தான் எட்டவில்லை. இளம்வயது டாக்டர் ஒருவர், வெளியூர்க்காரர், போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் காவலுக்கு இருந்த ஏட்டு சுவரோரம் நின்றார். களைக்கொல்லி என்று யார் வந்தாலும் அவருக்குத் தகவல் போகும்.

"நீங்க தங்கச்சியா?" என்றார் டாக்டர். "எவ்வளவு குடிச்சீங்கன்னு கேட்டா, உப்பு பார்த்தேங்கறார். பயப்படாம உண்மையைச் சொல்லச் சொல்லுங்க."

"நான் பக்கத்துல நின்னேன் டாக்டர். ஒரு விரல்தான். உடனே துப்பிட்டார்."

ஏட்டு அண்ணியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "வீட்ல எதனா பிரச்சனையாம்மா? மனசு விட்டுச் சொல்லலாம்."

"பிரச்சனைதான் சார்," என்றார் அண்ணி தாழ்த்தாத குரலில். "இந்த மனுஷன் எதைப் பார்த்தாலும் நக்கறாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதான் பிரச்சனை."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"ஏட்டய்யா, சண்டை வந்தா நான் சோறு திங்க மாட்டேன். அவ்ளோதான். மருந்தெல்லாம் எதுக்குத் திங்கறேன்?"

டாக்டருக்கு உப்பளத்துப் பழக்கத்தைச் சொன்னேன். மீட்டர், விரல், நாக்கு என்று வரிசையாக. அவர் இடைமறிக்காமல் கேட்டார். டார்ச் அடித்து அண்ணனின் வாயையும் தொண்டையையும் பார்த்தார். நாக்கு நுனி கொஞ்சம் சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"இந்தப் பேர் தெரிஞ்சது நல்லது," என்றார் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "தெரியலைன்னா மோசமானதுன்னு வச்சுக்கிட்டுத்தான் நான் பார்க்கணும். இந்நேரம் பாண்டிக்கு அனுப்பியிருப்பேன்."

ஏட்டு விபத்து என்று எழுதிக்கொண்டார். எப்படி நடந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. "உப்புப் பார்க்கும்போது" என்று எழுதுங்கள் என்றார் நர்ஸ். அவர் அப்படியே எழுதினார்.

பொழுது சாயும்போது ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு அண்ணன் கேட்டது எனக்கு வியப்பாக இல்லை. கடிதம் எழுதும் வாசகர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்க விரும்புகிறார்கள்.

"அப்ப அது ஆபத்தில்லாத மருந்துதானே? நாளைக்கு அடிச்சுடவா?"

"ஆபத்தில்லைன்னு யாரு சொன்னா? ஒரு சொட்டு பட்டுது, துப்பின, கழுவின. அதனால ஒண்ணும் ஆகலை."

"கீரை மேல அடிக்க மாட்டேன். கிணத்தைச் சுத்திதான்."

"அதைத்தான் அடிக்கக் கூடாது. எல்லாரும் குடிக்கற தண்ணி. அதுவும் உப்பு கலந்து."

"உப்பு இன்னா பண்ணும்?"

"உன் பாத்தியில புல்லு மொளைக்குதா?"

மருந்து மண்ணில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுச் சிதையும். உப்பு சிதையாது. மழை அதைக் கீழே இறக்கும். கீழே கிணறு இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் சொன்னேன். இந்தக் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் சுண்ணாம்பு ஏறிய கடின நீர். அதில் கரைத்தால் கிளைபோசேட்டின் வீரியம் குறைந்துவிடும். புல் சாகவில்லை என்று மருந்தைக் கூட்டுவார்கள், உப்பைக் கூட்டுவார்கள். இங்கே பலர் அளவுக்கு மேல் அடிப்பதன் காரணம் அதுதான். வீட்டுக்காரர்கள் தாங்களே அந்த மருந்தை அடிக்கக் கூடாது, பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள்தான் அடிக்கலாம் என்று அரசு கட்டுப்பாடு போட்டிருக்கிறது. கடைத்தெருவில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புற்றுநோய் வருமா வராதா என்ற வாதம் உலகம் முழுவதும் நடக்கிறது; முடிவு எப்படி வந்தாலும் என் பதில் மாறாது. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் உண்மை. அவர் உரிமம் உள்ளவரை அழைத்து, லேபிளில் உள்ளபடி, கையுறையோடு, காற்றில்லாத நேரத்தில் அடிக்கச் சொல்லட்டும். நான்கு பாத்தி கீரையும் ஒரு கிணறும் உள்ள கொல்லைக்கு இந்த மருந்து தேவையே இல்லை.

அண்ணி அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கொல்லை என்னுது," என்றார். "யாரும் என்னைக் கேக்கலை. இனிமே கேக்கணும்."

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். மூடி போட்ட கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். வாளியில் இருந்த கலவையையும் பாட்டிலில் மிஞ்சியதையும் அதில் ஊற்றி எடுத்துக்கொண்டார். கால்வாயில் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றார் அண்ணன். கால்வாய்த் தண்ணீர்தான் ஊர் உப்பளத்துக்கெல்லாம் போகிறது என்றார் கடைக்காரர். எழுதுவீர்களா என்று வாசலில் வைத்து மறுபடியும் கேட்டார். கடைப் பெயர் இல்லாமல் எழுதுவேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்றார். அடுத்த முறை போனபோது கவனித்தேன். அந்த இரண்டு கேன்களும் அங்கே இல்லை, சீல் பிரிக்காத சிறிய டப்பாக்கள்தான் அடுக்கியிருந்தன.

புல்லை வெட்டத் திண்டிவனத்திலிருந்து வெட்டும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பாம்பு இருந்திருந்தால் அந்தச் சத்தத்திலேயே போயிருக்கும். அண்ணன் பாத்தியிலிருந்து நேரத்தோடு வந்து அவரே ஓட்டினார். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று அண்ணி நின்று பார்த்துக்கொண்டார். கிணற்றோரத்தில் கோரைக் கிழங்குகளை அண்ணியும் நானும் கொத்தால் தோண்டி எடுத்தோம். எல்லாம் வந்துவிடவில்லை. கோரை மறுபடியும் வரும். வந்தால் மறுபடியும் தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தில் தென்னை ஓலையைக் கனமாகப் பரப்பினோம். பொங்கலுக்குக் கொல்லை சுத்தமாக இருந்தது.

போகி அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். தன் வீட்டுப் பின்புறத்தைக் காட்டினார். அங்கேயும் கோரை.

"அண்ணி, அந்த மருந்துல எதனா மீதி இருக்குதா? வீணாப் போவுதேன்னு கேக்கறேன்."

அண்ணி உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்துவந்து வேலிக்கு மேலே நீட்டினார்.

"இதான் இருக்குது. திருப்பிக் குடுத்துடணும்."

அவர் அதையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு போனார். பண்டிகை முடிந்து நான் புதுச்சேரிக்குக் கிளம்பும்போது கொத்து வேலியில் சாய்ந்திருந்தது. இளகிக் கிடந்த காம்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஒரு ஆப்பு அடித்திருந்தார்.